குடியாத்தம் 6 எழுத்துதான்

ஃபயர்பாக்ஸ் உலாவியின் 125ஆம் பதிப்பைப் பற்றிய கட்டுரைக்கு நன்றி. பிடிஎஃப் கோப்பில் வண்ணமிட்டுக் குறிக்கும் வசதியை விரிவாக விளக்கிய கட்டுரையாளர், தமிழருக்கு அதைவிடப் பெரிதும் பயன்படக்கூடிய 'இன்ட்ல் செக்மென்டர்' என்னும் வசதியை (உரையை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தருவது; இணையப் பக்கங்களுக்கான நிரல்மொழியாகிய ஜாவாஸ்கிரிப்டில் உள்ளது) ஒரே வரியில் கடந்துவிட்டது எனக்கு வருத்தம் தருகிறது.

வேலூர் சத்துவாச்சாரியில் இணையப் படிவங்கள் எழுதிக்கொடுப்பது என் தொழில். லுங்கி வியாபாரி ஒருவருக்கான படிவத்தில் ஊர்ப் பெயருக்கு 10 எழுத்து என வரம்பு வைத்திருந்தேன். குடியாத்தம் என்று தட்டச்சு செய்தபோது கடைசிப் புள்ளி விழவே இல்லை. 'குடியாத்தம' என்று நின்றுவிட்டது. நம் கணக்கில் அது 6 எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கப் பயன்படுத்தும் யூனிகோடு முறையிலோ உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் 11. செக்மென்டர் இதை நாம் எண்ணுவது போலவே பிரித்துத் தருகிறது. குரோம் 2020இலும் சஃபாரி 2021இலும் இதைச் சேர்த்துவிட்ட நிலையில், 2024 ஏப்ரலில் ஃபயர்பாக்ஸும் சேர்ந்துகொண்டது எனக்குப் பெரும் நிம்மதி.

ஆனால் விண்டோஸ் 7 கணினிகளுக்கு ஃபயர்பாக்ஸ் 115உடன் புதிய பதிப்புகள் நின்றுவிட்டன. அதில் இவ்வசதி கிடையாது. இங்குள்ள பிரவுசிங் சென்டர்களில் அத்தகைய கணினிகளை நான் இன்னும் பார்க்கிறேன். ஆகவே, உலாவியில் செக்மென்டர் உள்ளதா என்று முதலில் சோதித்து, இல்லையெனில் உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் விட்டுவிட்டு எண்ணும்படி நிரலை மாற்றியிருக்கிறேன்; குடியாத்தத்துக்கு அவ்வழியிலும் 6 என்றே வருகிறது.