மிக்-21-க்கு அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தது யார்?

2025 செப்டம்பர் 26-ஆம் தேதி சண்டிகரில் நம் விமானப்படையின் மிக்-21 போர் விமானத்துக்கு வழியனுப்பு விழா நடந்ததில் இருந்தே எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரே மாதிரி பார்வர்டு. ‘பறக்கும் சவப்பெட்டிக்கு விடை கொடுத்தாச்சு’, ‘ஒருவழியாக ஒழிந்தது’. குடும்ப குரூப்பில் வந்தது, பாளையங்கோட்டையில் கூடப் படித்தவர்கள் குரூப்பில் வந்தது, இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறது. அனுப்புகிறவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை என்று தெரியும். ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விபத்தே நடக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. 2012-ல் நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த கணக்கு இருக்கிறது: அதுவரை வாங்கிய 872 மிக் விமானங்களில் 482 விபத்தில் சிக்கியிருந்தன, 171 விமானிகள் இறந்திருந்தார்கள். மிக் குடும்பம் மொத்தத்துக்குமான கணக்கு அது, அதில் பெரும்பங்கு மிக்-21. அத்தனை வீடுகளின் துக்கத்தை யாரும் சின்னதாக்க முடியாது. என் கேள்வியே வேறு. அந்தப் பேர் விமானத்துக்குச் சேர வேண்டியதா, அதற்கு வேலை கொடுத்தவர்களுக்குச் சேர வேண்டியதா?

எங்க பக்கம் பட்டப்பேர் இல்லாத வீடு கிடையாது. ஊருக்குள் நாலு இசக்கிமுத்து இருந்தால் பட்டப்பேர் சொன்னால்தான் ஆள் புரியும். தாத்தா எப்போதோ ஒருநாள் வைக்கோல் வண்டியைக் குளத்துக்குள் விட்டிருப்பார், பேரன் பெங்களூரில் வேலை பார்த்தாலும் ஊருக்கு வந்தால் அந்த வண்டிப் பேர்தான். அன்றைக்கு வண்டியில் அளவுக்கு மீறி பாரம் ஏற்றிவிட்டது யார் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. மிக்-21 விஷயத்திலும் நடந்தது இதுதான்.

1950-களில் சோவியத் நாட்டில் அதை வடிவமைத்தபோது அதனிடம் எதிர்பார்த்த வேலை மிகக் குறுகியது. எதிரியின் குண்டுவீச்சு விமானம் உயரத்தில் வருகிறது என்று தகவல் வந்ததும் விருட்டென்று மேலே ஏற வேண்டும், அடிக்க வேண்டும், இறங்கிவிட வேண்டும். அதனால்தான் அந்த ஒல்லி உடம்பு, சின்ன முக்கோண இறக்கை, கொஞ்சம் எரிபொருள், ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகம். போலந்துக்காரர்கள் அதைப் பார்த்துப் ‘பென்சில்’ என்றார்கள். சோவியத் விமானிகள் வைத்த பேர் ‘பாலலைக்கா’, அது அவர்கள் ஊர் முக்கோணத் தந்தி வாத்தியம். நேட்டோ நாடுகள் தங்கள் விதிப்படி ஆங்கில எஃப் எழுத்தில் தொடங்கும் ‘ஃபிஷ்பெட்’ என்ற பேரை வைத்துக்கொண்டன. மிக்-29-க்கு ஃபல்க்ரம், சுகோய்க்கு ஃபிளாங்கர் எல்லாம் அந்த வரிசைதான். இதில் ஒன்றிலாவது சாவு வாடை இருக்கிறதா?

1963-ல் நம் 28-ஆவது ஸ்குவாட்ரனுக்கு (விமானப்படையின் ஒரு பிரிவு) அது வந்தது. அன்றைய இந்தியாவின் முதல் சூப்பர்சானிக் விமானம், அந்த ஸ்குவாட்ரனுக்கே ‘ஃபர்ஸ்ட் சூப்பர்சானிக்ஸ்’ என்று பேர். அப்புறம் நாம் நிறைய வாங்கிய எஃப்.எல் ரகத்தில் உள்ளே பீரங்கியே கிடையாது, இரண்டு ஏவுகணை மட்டும்தான். சண்டைக்கு அது போதாது என்று தெரிந்ததும் அடிவயிற்றில் தனியாக ஒரு பீரங்கியைக் கட்டினோம். 1971 டிசம்பர் 14 அன்று டாக்கா கவர்னர் மாளிகையின் கூரையை ராக்கெட்டால் அடித்ததும் மிக்-21-கள்தான். வானத்து உச்சியில் குண்டுவீச்சு விமானத்தை மறிக்கப் பிறந்தது, நகரத்துக்கு நடுவில் ஒரு கட்டடத்தைக் குறிபார்த்து இறங்கியது. 1999-ல் கார்கில் மலைகளுக்கு மேல் அதையே அனுப்பினோம், அங்கேதான் ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹூஜாவை இழந்தோம். 2019-ல் நம்ம தமிழ்நாட்டுக் குடும்பத்து அபிநந்தன் ஏறியது பைசன் என்று புதுப்பிக்கப்பட்ட மிக்-21. மறிப்பது, குண்டு போடுவது, உளவுப்படம் எடுப்பது என்று வந்த வேலை எல்லாம் அதன் தலையில்தான் விழுந்தது.

இதில் எனக்கு மிகவும் கசப்பானது, அதைப் பயிற்சி விமானமாக ஆக்கியதுதான். புதிதாக வரும் பையன் கிரண் என்ற நிதானமான ஜெட்டில் பழகுவான். அடுத்த படியாக நடுத்தரமான பயிற்சி ஜெட் ஒன்று இருக்க வேண்டும், அது நம்மிடம் இல்லை. அதனால் கிரணில் இருந்து இறங்கியவனை நேரே மிக்-21-ல் ஏற்றினோம். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் தரையிறங்கும் விமானம் அது, வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பொத்தென்று கீழே போகும், முன்னால் பார்க்கும் இடமும் குறுகல். உயர்நிலைப் பயிற்சி ஜெட் வேண்டும் என்று 1980-களின் தொடக்கத்திலேயே நிபுணர் குழு எழுதிக் கொடுத்தது. ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் போட்டது 2004-ல். விமானம் படையில் சேர்ந்தது 2008-ல். நடுவில் போன இருபது வருஷத்துக்கு மேலான காலத்தில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன்கள் எத்தனை பேர் போனார்கள்! கோப்பு தூங்கியதற்கு யாருக்கும் பட்டப்பேர் கிடையாது. விமானத்துக்கு மட்டும் சவப்பெட்டி என்று பேர்.

எங்க பெரியப்பா ஏர்போர்ஸில் விமானங்களைப் பராமரிக்கும் பிட்டராக இருந்து, இப்போது அம்பாசமுத்திரம் பக்கம் வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மிக்-21 ஸ்குவாட்ரனில் ரொம்ப வருஷம் வேலை பார்த்தவர். அவர் முன்னால் ஒரு கல்யாண வீட்டில் யாரோ இந்தச் சவப்பெட்டிப் பேரைச் சொல்லிவிட்டார்கள். இலையில் கையை வைத்தபடியே, “ஏல, அதை அப்படிச் சொல்லாத. நான் அதுக்குச் சோறு போட்டவன்” என்றார். பிறகு அவர் சொன்னதை நான் மறக்கவே இல்லை. அந்த விமானம் தரையைத் தொட்டதும் வாலில் இருந்து பிரேக் பாராசூட் விரியும், அது விரிந்தால்தான் ரன்வேக்குள் நிற்கும். ரன்வே கடைசியில் கழன்று கிடக்கும் பாராசூட்டை ஓடிப் போய் எடுத்து வருவது இவர்கள் வேலை. ராஜஸ்தான் வெயிலில் தார் கொதிக்கும், துணியெல்லாம் மண்ணெண்ணெய் வாடையும் கருகல் வாடையுமாக இருக்கும், அதை உதறிப் பிரித்து, நூல் நூலாகத் தடவிப் பார்த்து, மடித்துத் திரும்ப உள்ளே வைக்க வேண்டும். “மடிப்பு ஒண்ணு தப்பினா அவன் நிக்க மாட்டான்ல. அதை நெனச்சுக்கிட்டேதான் மடிப்போம்.” அவன் என்று அவர் சொன்னது விமானியையா விமானத்தையா என்று எனக்குத் தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. இடது காது அவருக்கு இப்போது சரியாகக் கேட்காது, எஞ்சின் சத்தத்திலேயே வாழ்ந்த காது.

சரி, இது நம் ஊர் விமானத்தின் மேல் இருக்கும் பாசம் மட்டும்தானா என்று கேட்டால், அமெரிக்க எஃப்-104 ஸ்டார்ஃபைட்டரின் கதையைப் பாருங்கள். அதுவும் மிக்-21 மாதிரியே உயரத்துக்கு விரைந்து ஏறுவதற்காகச் செய்தது. மேற்கு ஜெர்மனி 916 விமானம் வாங்கியது. வாங்கி, மேகமும் மழையுமான ஐரோப்பிய வானத்தில் தாழப் பறந்து குண்டு போடும் வேலைக்குத் திருப்பியது, அதன் மேல் கருவிகளை ஏற்றிக்கொண்டே போனது. அதன் விமானிகளோ அமெரிக்காவின் அரிசோனாவில், மேகமே இல்லாத பாலைவன வானத்தில் பழகியவர்கள். 292 விமானம் நொறுங்கியது, 116 விமானிகள் இறந்தார்கள். ஜெர்மானிய மக்கள் அதற்கு ‘விதவையாக்கி’ என்று பேர் வைத்தார்கள். அதே எஃப்-104 ஸ்பெயினுக்கும் கிடைத்தது, சின்ன எண்ணிக்கைதான். ஆனால் எதற்காகச் செய்ததோ அந்த வேலைக்கே, தெளிந்த வானத்தில் மறித்து அடிக்க மட்டுமே வைத்துக்கொண்டது. 1965-ல் இருந்து 1972 வரை ஓட்டி, விபத்தில் ஒன்றைக்கூட இழக்காமல் திருப்பிக் கொடுத்தது. இயந்திரம் ஒன்றுதான், ஜெர்மனியில் அதன் பேர் விதவையாக்கி, ஸ்பெயினில் அப்படியொரு பேருக்குத் தேவையே வரவில்லை. என் வாதத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. 1971 டிசம்பரில் கட்ச் வளைகுடாவுக்கு மேல் பாகிஸ்தானின் எஃப்-104 ஒன்றை வீழ்த்தியது நம் மிக்-21 என்பதும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டியது. நம் மிக்-21 அன்று தனக்கென்று செய்யப்பட்ட மறிக்கும் வேலையில்தான் இருந்தது.

வேலையை மாற்றுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கர்களின் எஃப்-14 கப்பலைக் காக்க வந்து, கடைசிக் காலத்தில் ‘பாம்கேட்’ என்ற பேரோடு குண்டு போட்டது. ஜாகுவாரைப் பயிற்சி விமானமாகத்தான் முதலில் யோசித்தார்கள், நம்மிடம் ‘ஷம்ஷேர்’ ஆகி எதிரி எல்லைக்குள் தாழப் பறந்து தாக்குகிறது, ஒரு பிரிவு கடலில் கப்பலை வேட்டையாடவும் பழகியிருக்கிறது. மிராஜ் 2000 நம்மிடம் வந்தது 1980-களில், முதன்மையாக வான்காப்புக்கு, பேர் ‘வஜ்ரா’. கார்கிலில் டைகர் ஹில் மேல் லேசர் குண்டு போட்டது அதுதான். அதற்காகக் குறிபார்க்கும் கருவியை அவசர அவசரமாகப் பொருத்திச் சோதித்து, விமானிகளையும் பழக்கினார்கள். நம்ம தஞ்சாவூரில் 2020-ல் மறுபடி தொடங்கிய 222-ஆவது ஸ்குவாட்ரனை எடுத்துக்கொள்ளுங்கள், ‘டைகர் ஷார்க்ஸ்’. வான்சண்டைக்குப் பேர் போன சுகோய்-30 அங்கே பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமந்து கடலைக் காவல் காக்கிறது. ஒரு ஏவுகணையே சுமார் இரண்டரை டன். அதைத் தாங்கும்படி உடம்பைப் பலப்படுத்திய பிறகுதான் ஏற்றினார்கள். புது வேலைக்குத் தேவையானதைக் கொடுத்துவிட்டு வேலையைக் கொடுத்தார்கள், கெட்ட பேர் வரவில்லை.

நாட் விமானத்தைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. குட்டி விமானம். அது பிறந்த பிரிட்டனில் பயிற்சிக்கும் சாகசத்துக்கும்தான் வைத்திருந்தார்கள், ரெட் ஏரோஸ் குழு 1979 வரை அதில்தான் வித்தை காட்டியது. நாம் அதைப் போருக்கு அனுப்பினோம். 1965-ல் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்தி ‘சேபர் ஸ்லேயர்’ என்று பேர் வாங்கியது. 1971 டிசம்பர் 14, டாக்காவில் மிக்-21-கள் அந்த மாளிகையை அடித்த அதே நாள், ஸ்ரீநகரில் நிர்மல் ஜித் சிங் செகோன் நாட் விமானத்தில் ஏறி, தாக்க வந்த சேபர்களோடு ஒற்றை ஆளாக மோதி உயிர் விட்டார். விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் அவர் ஒருவர்தான். அவருடைய 18-ஆவது ஸ்குவாட்ரன், ‘ஃபிளையிங் புல்லட்ஸ்’, பின்னால் மிக்-27-க்கு மாறி, 2020 மே மாதம் கோயம்புத்தூர் பக்கம் சூலூரில் நம் நாட்டிலேயே செய்த தேஜஸ் போர் விமானத்தோடு மறுபடி எழுந்தது. செகோன் பறந்த ஸ்குவாட்ரன் மறுபடி எழுந்தது தமிழ்நாட்டில்தான் என்பது நம் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்போது தேஜஸ் பற்றியும் ஏளனமான பேர்கள் சுற்ற ஆரம்பித்துவிட்டன. மிக்-21-க்கு மாற்றாக வேண்டும் என்று 1983-லேயே தொடங்கிய திட்டம், முதலில் பறந்தது 2001-ல். தாமதம் உண்மை, யாரும் மறுக்கவில்லை. ஆனால் 42 ஸ்குவாட்ரன் இருக்க வேண்டிய இடத்தில் 29-ஐ வைத்துக்கொண்டு நிற்கும்போது, வருகிற ஒவ்வொரு தேஜஸின் தலையிலும் மறுபடி எல்லா வேலையையும் ஏற்றிவிடுவோமோ என்பதுதான் என் பயம். திட்டுவதாக இருந்தால் எஞ்சின் ஏன் நேரத்துக்கு வரவில்லை, எண்ணிக்கை ஏன் கூடவில்லை என்று உரியவர்களைப் பேர் சொல்லிக் கேளுங்கள்.

உங்க வீட்டிலும் ஏர்போர்ஸில் வேலை பார்த்த அப்பா, மாமா, அத்தான், அக்கா யாராவது இருப்பார்கள். நம்ம மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. அவர்கள் பார்த்த விமானத்தைத் தங்களுக்குள் என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். அந்தப் பேர்களைத்தான் நான் சேர்த்து வைக்க விரும்புகிறேன்.