அது ஷோ இல்லை, எங்க ஊர்ப் பஜனை

எங்க ஊர் கிறிஸ்துமஸ் பஜனையைக் கேலி செய்து ஒருவர் போட்ட அந்த ரீலைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆளாளுக்கு இன்பாக்ஸில் அனுப்பி, "இது உங்க ஊர்தானே?" என்று கேட்டு, கூடவே ஒரு சிரிப்புப் பொம்மையும் போடுகிறீர்கள். ஆமாம், எங்க ஊர்தான். தேரிக்காட்டு ஓரம், செம்மண்ணும் பனையுமாக இருக்கிற ஊர். விடியுமுன்னே வீடு வீடாகப் போய்ப் பாடுகிற அந்தப் பஜனையில் நானும் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நடந்துகொண்டிருந்தோம். படம் பிடித்தவர் எங்களை உரசிக்கொண்டுதான் போனார்.

"இன்னும் மாறாத ஜனங்க" என்று தலைப்பு. பின்னணியில் சிரிப்புச் சத்தம். ஒரு பாட்டி வாய் திறந்து பாடுவதைக் கிட்டப்போய் எடுத்து, வேகத்தைக் குறைத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டிருக்கிறார்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அது ஷோ இல்லை. மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது, நாற்காலி போட்டுப் பார்க்க யாரும் வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் பாட வந்தவர்கள். பாட வராதவர்கள் விளக்குப் பிடிக்க வந்தார்கள், டோலக்கைத் தூக்க வந்தார்கள், நடக்க முடியாதவர்கள் வாசலில் கருப்பட்டிக் காப்பி போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பார்வையாளர்களே இல்லாத இடத்தில் நின்று மார்க் போட உங்களை யார் கூப்பிட்டது?

"இழுத்து இழுத்துப் பாடுறாங்க" என்று ஒரு கமெண்ட். அது கிறிஸ்தவக் கீர்த்தனை, அப்படித்தான் பாடுவார்கள். 1774-ல் நெல்லைச் சீமையில் பிறந்து தஞ்சாவூரில் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள், கர்நாடக ராகத்தில் தமிழில் கட்டி வைத்துவிட்டுப் போன பாட்டுகள் அவை. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். புத்தகம் தேவையில்லை. எங்க தாத்தா பனையேறி, கைநாட்டு. ஆனால் மார்கழி இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சரணம் விடாமல் பாடுவார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பிள்ளைகளைச் சென்னையில் ஒரு மாலுக்கும் கூட்டிப்போனோம். தெர்மாகோல் பனி, கூரை உயரத்துக்கு மரம், போட்டோவுக்கு வரிசை. எங்கள் முறை வந்ததும் படம் எடுத்தோம், நகரச் சொன்னார்கள், நகர்ந்தோம். அங்கே என் மகள் பெயரை யாரும் கேட்கவில்லை. ஊரில் கோயில் (சர்ச்சை அப்படித்தான் சொல்வோம்) மணி அடித்து வெளியே வந்ததும் ஒரு பாட்டி அவளைக் கூப்பிட்டு, கைத்தாளத்தின் கயிற்றை விரலில் சுற்றிவிட்டு, "இறுக்கிப் பிடிக்காத, சத்தம் செத்துப் போவும்" என்று சொல்லிக் கொடுத்தாள். பிள்ளை கடைசித் தெரு வரைக்கும் தட்டிக்கொண்டே வந்தது. தாளம் தப்பியபோதும் யாரும் அதை வாங்கி வைக்கவில்லை. கோயில் முகப்பில் சவுக்குக் கொப்புதான் கிறிஸ்துமஸ் மரம். அதில் அவள் வெட்டி ஒட்டிய கலர் பேப்பரும் தொங்கியது.

அந்தப் பாட்டியைத்தான் ரீலில் பார்த்துச் சிரித்தீர்கள். எனக்கு அவள் பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி.

"விடியுமுன்னே பாடினா மத்தவங்க தூங்க வேண்டாமா?" என்கிறீர்கள். மைக் கட்டவில்லை. வீட்டு வாசலில் ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அடுத்த வீடு. அவ்வளவுதான்.

"ஊர்க் கோயில்ல சாதி இல்லையா?" இருக்கிறது. கல்லறைத் தோட்டம் வரைக்கும் இருக்கிறது. அதைப் பற்றி எழுதுங்கள், கூட வந்து நிற்கிறேன். ஆனால் ரீல் எடுத்தவர் அதையா கேட்டார்? அவர் காட்டியது ஒரு கிழவியின் பொக்கை வாயை.

"வருஷத்துக்கு ஒருதரம் போறவங்களுக்குத்தான் ஊர் அழகாத் தெரியும்." இதை எழுதியவர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர், அதனால்தான் வலிக்கிறது. பிழைப்புக்காக வந்தோம். விருப்பப்பட்டா கதவைப் பூட்டிவிட்டு வந்தோம்? ஊரை அழகாகப் பார்க்கத்தான் போகிறேன் என்றால், 2023-ல் போனது எதற்கு? அந்த டிசம்பர் 17, 18 நினைவிருக்கிறதா? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் தாமிரபரணி வெள்ளத்தில் கிடந்தன. எங்க ஊரில் மின்சாரம் இல்லை, போன் இல்லை. ஒரு வாரத்தில் கிறிஸ்துமஸ். புதுத்துணி யாருக்கும் கிடையாது. அப்போது இதே பஜனைக் கோஷ்டிதான் அரிசியும் போர்வையும் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போனது. எந்த வீட்டில் யார் படுக்கையில் கிடக்கிறார், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும், வருஷா வருஷம் அந்த வாசல்களில் நின்றவர்கள் அவர்கள்தானே. கோயிலுக்கு வராத வீடு, வேற்று மதத்து வீடு என்று ஒன்றையும் விடவில்லை. மாறாத ஜனங்களாம். மாறாமல் இருந்ததால்தான் அன்றைக்கு ஊர் பசியாறியது.

யாரோ சொந்தக்காரப் பையன் பெரியம்மாவிடமே அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறான். நேற்று ராத்திரி போனில், "நான் அவ்வளவு அசிங்கமாவாட்டி பாடுதேன்?" என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வருஷ முடிவு ஆராதனைக்கு வரமாட்டாளாம், வந்தாலும் பாடமாட்டாளாம். அவளைச் சமாதானப்படுத்திக் கூட்டிப்போக நாளைக்கு மறுபடியும் பஸ் ஏறுகிறேன். ரீலைப் பகிர்ந்தவர்கள் முதலில் அதை எடுத்துவிடுங்கள். கருத்தெல்லாம் அப்புறம் சொல்லலாம்.