பார்சிலோனா கதையை முழுதாகச் சொல்லுங்கள்

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு உறுதியாகிவிட்டது. 2036 ஒலிம்பிக்குக்கும் இந்தியா விருப்பக் கடிதம் கொடுத்திருக்கிறது. இந்தப் பேச்சு எழுந்தாலே யாராவது பார்சிலோனாவை இழுத்து வந்துவிடுகிறார்கள். 1992-இல் அங்கே ஒலிம்பிக் நடந்தது, பிறகு சுற்றுலாப் பயணிகள் குவிந்தார்கள், நமக்கும் குவிவார்கள் என்கிறார்கள். பாதிக் கதையை வைத்துக்கொண்டு ஊரைக் கடன்பட வைக்கிறார்களே என்பதுதான் என் எரிச்சல்.

பார்சிலோனா செலவழித்ததில் பெரும்பகுதி விளையாட்டரங்குகளுக்குப் போகவில்லை. கடலோரத்தில் இருந்தும் கடலை அனுபவிக்க முடியாத ஊர் அது. நடுவே ரயில் பாதையும், போப்ளெனோ பகுதியின் பழைய ஆலைகளும் மறித்து நின்றன. மேயர் பாஸ்குவால் மரகாலுக்கு ஒலிம்பிக் ஒரு நல்ல சாக்கு. தண்டவாளத்தை அகற்றினார்கள், சுற்றுச்சாலை போட்டார்கள், கழிவுநீர்க் குழாய்களைச் சீரமைத்தார்கள், கடற்கரையை மீட்டார்கள். எல்லாம் உள்ளூர்க்காரர்களுக்கு வேண்டியிருந்த வேலைகள். போட்டி நடக்காமலே போயிருந்தாலும் அவை வீணாகியிருக்காது.

மோன்ஜுயிக் குன்றின் நீச்சல்குளத்தில் வீராங்கனைகள் குதிக்க, பின்னணியில் புகழ்பெற்ற சக்ராதா ஃபமிலியா தேவாலயத்தின் கோபுரங்கள் தெரிந்தன. அதைவிடச் சிறந்த சுற்றுலா விளம்பரம் கிடையாது. ஆனால் காமிரா திரும்பிய பக்கம் காட்டுவதற்கு ஊரில் சரக்கு இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ஏதென்ஸின் ஹெல்லினிகோன் வளாகத்தில், 2004 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய சாஃப்ட்பால் திடலில் புல் மண்டியது. அதைப் பார்க்க யார் விமானம் ஏறுவார்கள்?

மீதிக் கதைக்கு வருகிறேன். மீனவர் குடியிருப்பாக இருந்த பார்சிலோனெட்டாவில், சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் வீடுகளை எதிர்த்து 2014-இல் மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2024 ஜூலையில், உணவகத்தில் உட்கார்ந்திருந்த பயணிகள்மீது போராட்டக்காரர்கள் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சினார்கள். செய்தியில் பார்க்க வேடிக்கையாக இருந்தது. பத்தாண்டுகளில் 68 சதவீதம் வாடகை ஏறிய ஊரில் குடியிருப்பவருக்கு அதில் வேடிக்கை ஏதுமில்லை. அதற்குச் சற்று முன்புதான், 10,101 சுற்றுலா வாடகை வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குள் முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக மேயர் ஜாவ்மே கொல்போனி அறிவித்திருந்தார்.

எல்லாப் பழியையும் ஒலிம்பிக் தலையில் போடுவது நியாயமில்லை. மலிவு விமானங்களும் இணையவழி வீட்டு வாடகையும் பின்னால் வந்தவை. ஆனாலும், கூட்டத்தை வரவழைக்கத் திட்டம் போட்டவர்கள், வந்த கூட்டம் எங்கே தங்கும், யாருடைய வீட்டில் தங்கும் என்று யோசிக்கவில்லை.

அகமதாபாத்தின் பழைய நகரம் 2017 முதல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரம். அங்குள்ள 'போல்' சந்துகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. அரங்கங்களுக்கு நிதி ஒதுக்கும் முன், அந்தச் சந்துகளில் எத்தனை வீடுகளை விடுதியாக்கலாம் என்று ஓர் உச்சவரம்பு போடட்டும். ஒலிம்பிக் முடிந்து 36 ஆண்டுகள் கழித்து பார்சிலோனா செய்யப்போவதை இங்கே போட்டிக்கு முன்பே செய்துவிடலாம். அதற்குச் சிமெண்டுகூடத் தேவையில்லை.