ஐசி எண்ணே ஆளைக் காட்டிவிடும்
மேலே ஒரு தம்பி, "பேட்டித் தரவில் பெயர்களை நீக்கிவிட்டேன், ஐசி (அடையாள அட்டை) எண் மட்டும்தான் இருக்கிறது, இனி யாரையும் கண்டுபிடிக்க முடியாது" என்கிறார். அது தவறு, தம்பி. மலேசிய அடையாள அட்டையான மைகார்டில் உள்ள ஐசி எண்ணின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம்: பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண். ஒரே தோட்டத்தில் இருபது பாட்டிமார்களைப் பேட்டி எடுத்திருந்தால் பெயரே தேவையில்லை, பிறந்த தேதியை வைத்தே பக்கத்து வீட்டுக்காரர் ஆளைச் சொல்லிவிடுவார்!

ஆளுக்கொரு தற்செயல் குறியீடு கொடுங்கள். குறியீட்டையும் ஆளையும் இணைக்கும் பட்டியலைத் தனிக் கோப்பாக, கடவுச்சொல் போட்டு வேறிடத்தில் வையுங்கள். அப்போதும் அது முழு அநாமதேயம் ஆகிவிடாது. அந்தப் பட்டியல் இருக்கும்வரை ஆளைத் திரும்பப் பிடிக்கலாம்.