வாட் ஃபைலோடு வரும் அந்த டெக்ஸ்ட் ஃபைல்

"இன்னுமா அந்தப் பழைய டூம் விளையாடுற?" என்று கேட்கிறவர்களுக்கு: நான் விளையாடுவது பெரும்பாலும் அந்தப் பழைய துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டு இல்லை. அதன் மேல் யாரோ ஒரு ரசிகர் ராத்திரி கண்விழித்துக் கட்டிய வேறொன்று. இப்படி ரசிகர்கள் ஒரு விளையாட்டை மாற்றிச் செய்வதை மாட் என்பார்கள். மாட் என்றாலே ஓசியில் கிடைக்கும் உதிரிச் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

1993 டிசம்பரில் டூம் வந்தபோதே இதற்கு வழி திறந்துவிட்டார்கள். அதே குழுவின் முந்தைய விளையாட்டான வுல்ஃபென்ஸ்டைன் 3டியை ரசிகர்கள் எப்படியோ குடைந்து மாற்றியதைப் பார்த்த டூமின் நிரலாளர் ஜான் கார்மாக், டூமில் மேப் (விளையாடும் களம்), படம், ஒலி எல்லாவற்றையும் நிரலிலிருந்து பிரித்து 'வாட்' என்ற தனி ஃபைலில் வைத்தார். அசலில் கை வைக்காமல் நம்முடையதை மேலே ஏற்றிக்கொள்ளலாம். 1997 இறுதியில் சோர்ஸ் கோடும், அதாவது டூமின் மூல நிரலும், வெளியே வந்தது. அந்த நிரலிலிருந்து ரசிகர்கள் வளர்த்த ஜிஸெட்டூம் இன்றைய கணினியில் ஓடுவது அந்த ஒரு காரியத்தால். டூமை விடுங்கள், கவுண்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டே ஹாஃப்-லைஃப் என்ற இன்னொரு விளையாட்டின் மாட் ஆகப் பிறந்ததுதான், அது எல்லோருக்கும் தெரிந்த கதை.

2023இல் வந்த 'மைஹவுஸ்' என்ற டூம் மாட் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். (இன்னும் விளையாடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) இறந்துபோன நண்பனின் பழைய மேப்பைச் சீர்செய்ததாக அதன் முன்கதை. பார்த்தால் ஒரு சாதாரண வீடு. ஆனால் டூமில் ஊறியவனுக்கு மாடி ஏறியதுமே வயிற்றில் ஏதோ புரளும். அசல் டூம் எஞ்சினில், அதாவது விளையாட்டை இயக்கும் நிரலில், ஒரு அறைக்கு மேல் இன்னொரு அறை வைக்கவே முடியாது. அது தட்டையான வரைபடம், தரைக்கும் கூரைக்கும் உயரம் கொடுத்தது, அவ்வளவுதான். இங்கோ மாடி உண்மையாகவே மேலே இருப்பதுபோல் தெரிகிறது! நாம் அறியாமலே நம்மை வேறிடத்துக்கு நகர்த்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தக் கதவையும் நம்பி நுழைய முடியவில்லை. முப்பது வருடப் பழைய கட்டுப்பாட்டையே பயமாக மாற்றிய அந்தக் கையை உதிரிச் சரக்கு என்று எப்படிச் சொல்வது?

புதிதாக வருகிறவர்கள் நேராக 'புரூட்டல் டூம்' என்ற மாட்டைப் போடாதீர்கள். ரத்தமும் ஆர்ப்பாட்டமும் நன்றாகத்தான் இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் அசல் ஷாட்கன்னின் தாளம் கையில் பழகாமல், எது மாறியிருக்கிறது என்று எப்படித் தெரியும்? முதல் எபிசோடையாவது அசலில் முடித்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று, இதுதான் என் முக்கியமான ஆதங்கம். வாட் ஃபைலோடு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வரும். செய்தவர் பெயர், எடுத்துக்கொண்ட நாட்கள், தெரிந்த பிழைகள், இதை வைத்து மற்றவர்கள் மேப் செய்யலாமா கூடாதா, எல்லாம் அதில் இருக்கும். ஒருமுறை நான் இறக்கிய ஒரு பெரிய தொகுப்பில் அத்தனை டெக்ஸ்ட் ஃபைலையும் அழித்திருந்தார்கள். நூற்றுக்கணக்கான மேப், ஒன்றுக்கும் ஆள் பெயர் இல்லை. அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை. பணம் வாங்காமல் செய்தவருக்குக் கிடைப்பதே அந்தப் பெயர் ஒன்றுதானே. அதையும் பறிப்பதா?

போன வாரம் தொண்ணூறுகளின் மேப் ஒன்றை எடுத்தேன். டெக்ஸ்ட் ஃபைலில், தெரிந்த பிழைகள் என்ற இடத்தில், "கடைசிக் கதவு நேராக நின்றால் திறக்காது, இடது ஓரமாக நிற்கவும்" என்று எழுதியிருந்தார். கடைசிக் கதவுக்குப் போனேன். நேராக நின்று தட்டினேன், திறக்கவில்லை. இடது ஓரமாக நகர்ந்து நின்றேன். திறந்தது.