பிரேக் பார்த்தாயிற்றாம்!

குமுளி மலையில் இறங்கும்போது பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்கினால் எப்படி இருக்கும்? முந்தைய நாள்தான் கம்பத்தில் ஒரு பட்டறையில் பிரேக் ஆயில் மாற்றி, கேட்ட பணத்தைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரை இரண்டாவது கியரிலேயே ஊர்ந்தேன். பின்னால் ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து ஆட்களை ஏற்றிவரும் ஜீப்புகளின் ஹாரன் வேறு.

பட்டறையில் போய்க் கேட்டால், "மலை ரோட்டில் அப்படித்தான் சார் இருக்கும்" என்கிறார். மலை என்ன பாவம் செய்தது? ஆயில் மாற்றினால் குழாயில் புகுந்த காற்றை ஒவ்வொரு சக்கரத்திலும் வெளியேற்ற வேண்டும். காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. இது தெரியாதவரா அவர்? சோம்பல், வேறென்ன! காரைத் தூக்கிப் பார்த்தால், பின்சக்கரத்தில் காற்றை வெளியேற்றத் திறக்கும் பிளீடர் திருகில் பழைய சேறு காய்ந்து அப்படியே அப்பிக்கிடக்கிறது. ஸ்பானர் பட்ட தடமே இல்லை. விரலை வைத்துக் காட்டினேன்.

"பையன் விட்டிருப்பான் சார்."

எல்லாப் பட்டறையிலும் இப்படி ஒரு பையன் இருக்கிறான். தப்பெல்லாம் அவன் கணக்கில், காசு மட்டும் முதலாளி கல்லாவில். மறுபடி செய்து கொடுத்தார், சரி. ஆனால் முடித்துவிட்டு, கொஞ்சமும் கூசாமல், "புது ஆயிலுக்கு மட்டும் கொடுங்கள்" என்றார் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கொதித்துவிட்டது.