தகவல் கேட்கக் காரணம் சொல்லத் தேவையில்லை

அண்ணை, தகவல் அறியும் உரிமைச் சட்டம் பத்திரிகைக்காரருக்குத்தான், மற்றவர்கள் கேட்டால் காரணம் எழுதிக் கொடுக்க வேணும் என்கிறீர்கள். அது பிழை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கைப் பிரஜை எவரும் கேட்கலாம், காரணம் தேவையே இல்லை. தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவும் வேண்டும்.

எங்கள் ஒழுங்கை வாய்க்காலுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று நானும் ஒருக்கால் கேட்டேன். மேசையில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, “உமக்கேன் இது?” என்றார். (அதைக் கேட்கத்தான் அவருக்கு உரிமை இல்லை!) கடிதத்தைக் கொடுத்து, கிடைத்ததென்று கையோடு எழுதி வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

சரி, எல்லாம் கிடைக்காது என்றீர்களே, அது உண்மை. தேசிய பாதுகாப்பு, தனியாள் விவரம் போன்றவற்றுக்கு 5ஆம் பிரிவில் விலக்கு உண்டு. வாய்க்கால் கணக்கு அதில் வராது.